கணக்குப்பிள்ளையிடம் கேளுங்கள்: 26 டெனியர் கூலி

சென்ற இதழில் பாரிஸ் கொத்தனார்களைப் பற்றி எழுதும்போது, 1351-இல் குளிர்காலத்தில் அவர்களுக்கு நாள்கூலி 26 டெனியர் (அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சில்லறைக் காசு) என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். கோபுரத்தைப் பற்றி எழுதிய பத்திகளை யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்லாக் கடிதமும் அந்தக் கூலிக்குத்தான். கம்பம் பக்கமிருந்தும், மலைக்கு மேலே குமுளி, வண்டன்மேட்டிலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஐயா, 26 டெனியர் நம்ம ரூபாய்க்கு எவ்வளவு? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
– திராட்சை விவசாயி, சுருளிப்பட்டி

சுற்றி வளைக்காமல் சொன்னால் பொய் சொன்னதாகிவிடும். வெள்ளி விலையை வைத்துப் பெருக்கினால் ஒரு தொகை வரும். ரொட்டி விலையை வைத்தால் வேறொன்று, வீட்டு வாடகையை வைத்தால் இன்னொன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஏலக்காய்க் கடையில் பேரேடு எழுதிய எனக்கு, ஒட்டாத கணக்கை ஒட்ட வைப்பது பிடிக்காது.

அவர்கள் கணக்கை முதலில் பார்ப்போம். 12 டெனியர் ஒரு சூ, 20 சூ ஒரு லீவர். ஆக லீவருக்கு 240 டெனியர். 8-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஒரு பவுண்டு வெள்ளியில் 240 காசு அடிப்பது என்று அப்போது பிரான்சை ஆண்ட சார்லமேன் வைத்த ஏற்பாடு அது. வேடிக்கை என்னவென்றால், அதற்கப்புறம் நானூறு வருஷத்துக்கு மேல் பிரான்சில் கையில் புழங்கியதெல்லாம் டெனியரும் அதில் பாதிக் காசும்தான். சூவும் லீவரும் ஏட்டில் மட்டும் இருந்தன. 1266-இல் ராஜா ஒன்பதாம் லூயி சுமார் 4.2 கிராமில் நல்ல வெள்ளிக்காசு ஒன்றை அடித்த பிறகுதான் ஒரு சூவைத் தொட்டுப் பார்க்க முடிந்தது. அதற்கு முன் ஒரு நிலம் 60 லீவருக்குக் கைமாறியது என்றால், யாரோ 14,400 சில்லறைக் காசு எண்ணியிருக்க வேண்டும். இல்லையென்றால் பாதிக்குத் தானியம், மீதிக்குக் குதிரை என்று பேசி முடித்திருப்பார்கள்.

போதாததற்கு லீவரிலும் இரண்டு உண்டு: பாரிஸ் கணக்கு, தூர் நகரத்துக் கணக்கு. பாரிஸ் லீவர் 4 கொடுத்தால் தூர் லீவர் 5. நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. திருவிதாங்கூர் இருந்தவரை குமுளி ஏறிவிட்டால் சக்கரக் கணக்குதான். அவர்கள் சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம், கம்பத்திலிருந்து கொண்டுபோகும் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். அந்த அரைச் சக்கரத்தை விட்டுக்கொடுத்த வியாபாரி ஒருவர்கூட இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதனால் கூலியைக் கூலியோடும் சாப்பாட்டோடும் வைத்துப் பார்ப்பதுதான் என் வழக்கம். கொத்தனாருக்கு 26 என்று சொன்னது 1351-இல் பிரான்ஸ் ராஜா போட்ட அரசாணை. அதே ஆணை, அவருடைய கையாளுக்கு 16 என்கிறது. ஈஸ்டரிலிருந்து நவம்பரில் வரும் புனித மார்ட்டின் திருநாள் வரை பகல் நீளம், வேலையும் நீளம். அப்போது 32-ம் 20-ம். எந்தப் பருவத்தில் பார்த்தாலும் கொத்தனாருக்கு நூறு என்றால் கையாளுக்கு அறுபதுக்குச் சற்று மேல். நீங்கள் கடைசியாகத் தளம் போட்டபோது கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கொடுத்ததை எடுத்து வைத்துப் பாருங்கள். இன்னொன்றையும் கழிக்க வேண்டும். ஞாயிறு, திருநாள் எல்லாம் சேர்த்து வருஷத்தில் நூறு நாள் போல அங்கே வேலை கிடையாது. நாள்கூலிக்காரனுக்கு அன்றைக்குக் காசும் கிடையாது.

சாப்பாடு என்றால் ரொட்டிதான். 794-இல் பிராங்க்பர்ட்டில் சார்லமேன் கூட்டிய சபை, இரண்டு பவுண்டு எடையுள்ள கோதுமை ரொட்டி 12-க்கு ஒரு டெனியர் என்று விலை வைத்தது. அதே ஒரு டெனியருக்கு ரை என்ற தானியத்தின் ரொட்டி 15, பார்லி 20, ஓட்ஸ் 25. அந்த டெனியர் நல்ல வெள்ளி. 1351-இன் டெனியர் பெரும்பாலும் செம்பு, பெயர்தான் மிச்சம். பிற்காலத்து நகரங்களில் ரொட்டிக்கு விலையை ஏற்றமாட்டார்கள், எடையைக் குறைப்பார்கள். ஒரு டெனியர் ரொட்டி எப்போதும் ஒரு டெனியர்தான், தானியம் விலை ஏறினால் ரொட்டி இளைக்கும். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் வாங்குகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ராஜாவே கள்ளக்காசு அடித்தாராமே?
– லாட்டரி வியாபாரி, குமுளி

அடித்தார். நான்காம் பிலிப், அழகன் என்று பட்டப்பெயர் வேறு. இங்கிலாந்தோடு சண்டை, பிளாண்டர்ஸோடு சண்டை, கஜானா காலி. 1295-லிருந்து காசில் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தார். பழைய காசை நாணயச்சாலைக்குக் கொண்டுபோனால் எண்ணிக்கையில் அதிகமாகப் புதுக்காசு தருவார்கள், வாங்குகிறவனுக்கும் சந்தோஷம். எடுத்துக்கொண்ட வெள்ளி ராஜாவுக்கு. 1299 வாக்கில் அவருடைய வருமானத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான் வந்தது. வரி என்று சொல்லாமலே வசூலித்த வரி.

இதில் அடி வாங்கியது ஏழைகள் மட்டும்தான் என்று எழுதிவிட முடியாது. நிலத்துக்கு இத்தனை சூ குத்தகை என்று தாத்தா காலத்தில் எழுதி வைத்த மடங்களுக்கும் பிரபுக்களுக்கும் நல்ல அடி. குத்தகை கட்டுகிறவன் செத்துப்போன காசைக் கொடுத்துக் கடனை முடித்தான். மடாதிபதிகள் சத்தம் போட்டதற்குக் காரணம் அதுதான்.

சரி, நல்ல காசுக்கே திரும்புவோம் என்று 1306-இல் ராஜா முடிவெடுத்தபோதுதான் பாரிஸ் பற்றிக்கொண்டது. வாடகைத் தொகை ஏட்டில் அதேதான். ஆனால் இனி அதை நல்ல காசில் கட்டு என்றார்கள். மட்டக்காசு மூன்று கொடுத்தால்தான் நல்ல காசு ஒன்று. ஒரே நாளில் வாடகை மூன்று மடங்கு. எத்தியேன் பார்பெத் என்ற பெரும் பணக்காரர்தான் இதற்கெல்லாம் யோசனை சொன்னவர் என்று கூட்டம் அவர் வீட்டைச் சூறையாடியது. டெம்பிள் வீரர்கள் என்ற துறவிப் படையின் கோட்டைக்குள் இருந்த ராஜாவையே வெளியே வரவிடாமல் மறித்தார்கள். பிறகு பலரைத் தூக்கில் போட்டார்கள். அதே வருஷம் ராஜா யூதர்களை நாட்டைவிட்டுத் துரத்தினார். அவர்களிடம் வாங்கிய கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், வசூல் ராஜா பெயருக்கு மாறியது. அடுத்த வருஷம், 1307 அக்டோபர் 13, தனக்கு அடைக்கலம் தந்த டெம்பிள் வீரர்களையே பிடித்து உள்ளே போட்டார்.

காசு ராஜாவின் சொத்து அல்ல, அதைப் புழங்குகிற மக்களின் சொத்து என்று ஐம்பது வருஷம் கழித்து நிக்கோல் ஒரேம் என்ற பாதிரியார் வாதாடினார். அதற்குள் பிரான்சின் காசு பல பத்து முறை மாறிவிட்டிருந்தது.

மிளகு தங்கத்தின் விலைக்கு விற்றது உண்மையா?
– மிளகு வியாபாரி, வண்டன்மேடு

இல்லை. விலை அதிகம்தான். மலபாரிலிருந்து அலெக்சாந்திரியா போய், அங்கிருந்து வெனிஸ்காரர் கப்பலில் ஏறிப் போன சரக்கு அது, வழியில் எத்தனை சுங்கம்! பிரான்சில் சில நிலங்களுக்குக் குத்தகையையே பவுண்டு கணக்கில் மிளகாக வாங்கினார்கள். ஆனால் 14-ஆம் நூற்றாண்டில் நகரத்துச் சாதாரணக் குடும்பமும் கொஞ்சமாக வாங்கியது. அதனாலேயே பணக்காரர்கள் வேறு மசாலாவுக்கு மாறினார்கள். தங்கம் என்ற கதை உங்கள் தொழிலுக்கு நல்ல விளம்பரம், நான் கெடுக்க வரவில்லை.

கொள்ளைநோயில் பாதி ஜனம் செத்தது என்று எழுதியிருந்தீர்கள். ஆள் குறைந்தால் கூலி ஏறியிருக்க வேண்டுமே? எங்களுக்கும் மழைக்காலத்தில் ஆள் கிடைக்கவில்லை என்றால்தான் ஐம்பது ரூபாய் சேர்த்துத் தருகிறார்கள்.
– கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் வாசகி

அம்மா, அவர்களும் உங்களைப் போலவே யோசித்தார்கள். ராஜாவும் அது தெரிந்துதான் சட்டம் போட்டார்.

கொள்ளைநோய் 1347 கடைசியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கி, 1348 கோடையில் பாரிஸை எட்டியது. உயிரோடு மிஞ்சியவர்கள் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். கேட்டது கிடைத்தது. அறுப்புக்கு ஆளில்லாமல் வயல் கிடந்தால் எந்த முதலாளி பேரம் பேசுவான்? 1351 தொடக்கத்தில் இரண்டாம் ஜான் போட்ட ஆணை அதற்குத்தான். நோய்க்கு முன் என்ன வாங்கினாயோ அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூட வாங்கலாம், அதைத் தாண்டக் கூடாது. கொத்தனாருக்கு 26, கையாளுக்கு 16 என்ற எண்களெல்லாம் இந்த உச்சவரம்புகள்தான். குறைந்தபட்சக் கூலி என்று நினைத்து எழுதியவர்கள் கவனிக்கவும், இது நேர் எதிர்.

ஆணை ஆரம்பிப்பதே பிச்சைக்காரர்களில்தான். உடம்பில் தெம்பு இருந்தும் சும்மா இருப்பவர்கள் மூன்று நாளில் வேலைக்குப் போக வேண்டும், இல்லை பாரிஸை விட்டுப் போக வேண்டும். முதல் முறை பிடிபட்டால் சிறை. இரண்டாம் முறை தண்டமேடையில் கட்டி நிறுத்துவார்கள். மூன்றாம் முறை நெற்றியில் சூடு. ரொட்டிக்காரர், மீன்காரர், திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர், கொத்துகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விதி.

பலித்ததா என்றால் அரைகுறைதான். ஆள் தேவைப்படுகிற முதலாளியே பக்கத்துத் தோட்டக்காரருக்குத் தெரியாமல் கூட்டிக் கொடுப்பார். விடிகாலையில் ஜீப் நிற்கும் இடத்தில் எந்தக் கங்காணி எந்தக் கங்காணியின் ஆளை இழுக்கிறார் என்று பார்க்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

காசில் அடைத்தால் நேரத்தில் எடுப்பார்கள். அதற்கு நல்ல சாட்சி ஓசேர் என்ற ஊர், நம் பள்ளத்தாக்கு மாதிரி திராட்சைதான் பிழைப்பு. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே தோட்ட வேலைக்காரர்கள், பிற்பகல் மணி அடித்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வீட்டுக்கு அல்ல, தங்கள் சொந்தத் துண்டு நிலத்தில் கொடியைப் பார்க்க. கூலியோ முழுநாளுக்கு. பொழுது சாயும்வரை நிற்க வேண்டும் என்று முதலாளிகள் பாரிஸ் உயர்மன்றம் வரை போனார்கள். எனக்குக் கேட்டால் அந்த வேலைக்காரர்கள் பக்கம்தான் நியாயம். முதலாளியின் கொடிக்குக் கவாத்துப் பருவம் வந்தால் அவர்கள் கொடிக்கும் அதே பருவம்தானே?

வட்டி எவ்வளவு? நம் ஊர் அளவுக்கு உண்டா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டவர், கூடலூர்

வட்டி பாவம் என்று திருச்சபை சொன்னது. ஆகவே கொடுக்கல் வாங்கல் யூதர்களிடமும் லொம்பார்டுகள் எனப்பட்ட இத்தாலியர்களிடமும் போனது. 1206-இல் இரண்டாம் பிலிப் ஓர் உச்சவரம்பு வைத்தார்: லீவருக்கு வாரம் 2 டெனியர். 240-க்கு 2, வருஷத்துக்கு 52 வாரம், ஆக நூற்றுக்கு 43-க்குச் சற்று மேல். நம் பேச்சில் சொன்னால் மூன்றரை வட்டிக்குக் கொஞ்சம் மேல். சட்டப்படியே அவ்வளவு! கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாடு சட்டம் போட்ட பிறகும் உங்கள் தெருவில் என்ன நடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் பத்திரிகையில் போடவில்லை, பயப்பட வேண்டாம்.

உப்புக்கு வரி போட்டதும் இந்த ராஜாக்கள்தானா?
– மளிகைக்கடைக்காரர், கம்பம்

1341-இல் ஆறாம் பிலிப் காலத்தில் அது நிலைபெற்றது. உப்பை ராஜாவின் கிடங்கில் கொண்டுவந்து போட்டு, அங்கிருந்துதான் விற்க வேண்டும். சில பகுதிகளில் வீட்டுக்கு இவ்வளவு வாங்கியே ஆக வேண்டும் என்றும் பிற்பாடு விதி வந்தது. பிரித்தானி மாதிரி சில பகுதிகளுக்கு இந்த வரி கிடையாது. எல்லையில் ஒரு பக்கம் மலிவு, மறுபக்கம் விலை என்றால் என்ன நடக்கும் என்று குமுளி ரோட்டுச் சோதனைச்சாவடிக்காரர்களைக் கேளுங்கள், ரேஷன் அரிசிக் கதையே சொல்வார்கள். பின்வந்த நூற்றாண்டுகளில் பிரித்தானி எல்லையில் உப்புக் கடத்தல் பெரிய தொழிலாகவே ஆனது. நாய்களைப் பழக்கி, அவற்றின் முதுகில் உப்புப் பை கட்டி இரவில் எல்லை தாண்டி விரட்டினார்கள். 1790-இல், புரட்சிக்குப் பிறகு அந்த வரி எடுக்கப்பட்டது. நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தது வேறு கதை.