ஈ அறையில் ஒரு மேஜை

அன்புள்ள ஐயா,

மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். அமெரிக்கத் தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிரியல் படிக்க ஆசைப்படுகிறாள். “டாக்டராகாத உயிரியலுக்கு இவ்வளவு பணமா?” என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரி,

பணத்தைப் பற்றி அவர் கேட்பது நியாயம். மற்றதற்கு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

மரபியல் அறிஞர் தாமஸ் ஹண்ட் மார்கன் அங்கே 24 ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். இளங்கலை மாணவர்களுக்கான அறிமுக வகுப்பை அவர் தொடங்கிவைத்தது ஒரே ஒருமுறை, 1909இல். அந்த வகுப்பில்தான் ஸ்டர்ட்டவன்ட், பிரிட்ஜஸ் என்ற இரு மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அலபாமா பண்ணையில் வளர்ந்த ஸ்டர்ட்டவன்ட், குதிரைகளின் நிறம் வழிவழியாக வருவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி மார்கனிடம் நீட்டினான். அவர் அதை அச்சேற்ற வழிசெய்ததோடு, தன் ஆய்வகத்தில் ஒரு மேஜையும் கொடுத்தார். பால் புட்டிகளில் வாழைப்பழம் போட்டுப் பழ ஈ வளர்த்த அறை அது. எட்டு மேஜைகளுக்கே நெரிசல். பிரிட்ஜஸ் புட்டி கழுவச் சேர்ந்தவன். புட்டியின் தடித்த கண்ணாடி வழியாகவே கண் நிறம் மாறிய ஈ ஒன்றை அவன் கண்டுபிடித்தான் என்பார்கள்.

1911 கடைசியில் மார்கனோடு பேசிக்கொண்டிருக்கும்போது ஸ்டர்ட்டவன்ட்டுக்குப் பொறி தட்டியது: சேர்ந்தே வரும் இரு பண்புகள் எவ்வளவு அடிக்கடி பிரிகின்றனவோ, உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம் என்ற இழையில் அவற்றின் மரபணுக்கள் அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். ஈ பரிசோதனைகளின் கணக்குகளை வீட்டுக்கு அள்ளிப்போய், கல்லூரிப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரவோடு இரவாக உலகின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டுவிட்டான். இளங்கலைகூட முடிக்கவில்லை!

மார்கன் அந்த ஆண்டும் வகுப்பெடுக்காமல் இருந்திருந்தால்? ஆராய்ச்சிப் பல்கலையில் பேராசிரியருக்கு ஆராய்ச்சிதான் முதல் வேலை. நோபல் வாங்கியவர் கையேட்டில் இருப்பார், வகுப்பில் இருக்கவேண்டும் என்பதில்லை. தவிர, அங்கே பட்டம் வாங்கிய பிறகுதான் மருத்துவம் என்பதால், முதலாண்டு உயிரியலில் மெடிக்கலைக் குறிவைத்து மார்க் சேர்ப்பவர்கள் கூட்டம் வேறு.

ஆகவே அந்தத் துறையின் இரண்டாமாண்டு மாணவர் யாருக்காவது மகளை எழுதச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் எப்போது சேர்த்தார்கள்? சொந்தமாக ஒரு பரிசோதனை கொடுத்தார்களா, புட்டி கழுவுவதோடு சரியா? பதில் இழுவையாக வந்தால் அந்தப் பல்கலை வேண்டாம்.

இன்னொன்று, பணச்சுமை இளங்கலையில்தான். உயிரியல் முனைவர் படிப்புக்கு இத்தகைய பல்கலைகள் பொதுவாகக் கட்டணத்தைத் தாங்களே ஏற்று, உதவித்தொகையும் தருகின்றன. இளங்கலையை நம் நாட்டின் அறிவியல் ஆராய்ச்சிக் கல்வி நிறுவனங்களான திருப்பதி ஐசரிலோ பெங்களூரு ஐஐஎஸ்சியிலோ முடித்துவிட்டும் போகலாம். ஐசர் நுழைவுத் தேர்வுக்கு இப்போதே ஒரு விண்ணப்பம் போட்டுவைக்கட்டும்.