ஆஸ்பத்திரி மீதும் கேரர் மீதும் முறைப்பாடு: யாரிடம், எப்படி?

கேள்வி: கிழக்கு லண்டனில் இருக்கிறோம். அம்மாவுக்கு 78 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்த அவரை, குளிசைகளைப் பற்றி ஒரு விளக்கமும் தராமல் இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கவுன்சில் (உள்ளூராட்சி சபை) ஒழுங்கு செய்த, வீட்டுக்கு வந்து பராமரிக்கும் கேரர் அரை மணி நேரம் நிற்க வேண்டும். பத்து நிமிடத்தில் போய்விடுகிறார். சில நாள் வருவதே இல்லை. யாரிடம் முறையிடுவது? முறையிட்டால் அம்மாவைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயம்.

பதில்: கேரர் வராத நாட்கள் இன்னும் தொடர்ந்தால் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். கவுன்சிலின் சமூகப் பராமரிப்புப் பிரிவுக்கு இன்றே போன் எடுத்து, அம்மாவுக்கு நேரத்துக்குக் குளிசை கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். முறைப்பாடு அதற்கு அப்புறம்.

இந்தப் பயத்தால்தான் நம்மவர்கள் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். முறையிட்டார் என்பதற்காக ஒருவரின் சிகிச்சையைக் குறைக்க முடியாது. முறைப்பாட்டுக் கடிதங்களை மருத்துவப் பதிவோடு சேர்க்காமல் தனியாக வைப்பதே என்எச்எஸ் (அரச மருத்துவ சேவை) நடைமுறை.

உங்கள் விஷயத்தில் ஆஸ்பத்திரி, கவுன்சில் இரண்டும் வருகின்றன. இங்கிலாந்தில் 2009இல் வந்த விதிகளின்படி, இரண்டையும் தொடும் முறைப்பாட்டுக்கு அவர்கள் தங்களுக்குள் பேசி ஒரே பதிலாகத் தர வேண்டும். (ஸ்கொட்லாந்து, வேல்ஸில் முறை வேறு.) ஆகவே ஒரே கடிதத்தை இரு இடத்துக்கும் அனுப்பி, மற்றவருக்கும் அனுப்பியிருப்பதைக் குறிப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் 'பால்ஸ்' என்ற உதவி மேசை இருக்கும். சின்னப் பிரச்சினைகளை அவர்கள் சீக்கிரம் தீர்த்துவைப்பார்கள். ஆனால் அங்கே வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது அப்படியே கரைந்து போகலாம். 'இது முறையான முறைப்பாடு' என்று எழுத்தில் இருக்கட்டும்.

கடிதத்தில் கோபத்தைக் கொட்டுவதால் பயனில்லை. 'கேரர் சரியில்லை' என்றால் 'வருந்துகிறோம்' என்று ஒரு வரி வரும். 'மார்ச் 4, காலை 8 மணிக்கு வர வேண்டியவர் 9.40க்கு வந்து 9.50க்குப் போனார், அம்மா அன்று காலைக் குளிசை எடுக்கவில்லை' என்று எழுதினால் அவர்கள் பதிவைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். கேரர் நேரம் எழுதிக் கையெழுத்திடும் கொப்பி வீட்டில் இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். செயலியில் பதிபவர்கள் என்றால் வருகைப் பதிவின் பிரதியைக் கேளுங்கள். முடிவில், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் எழுதுங்கள்: விளக்கமா, மன்னிப்பா, வேறு கேரரா? பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.

அம்மாவின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அவரால் முடிவெடுக்க இயலாத நிலை என்றால் அவர் சார்பில் நீங்கள் முறையிடலாம். ஆங்கிலத்தில் எழுதச் சிரமமா? முறையான முறைப்பாடு என்று வாயால் சொன்னாலும் அவர்கள் அதை எழுதி உங்களுக்கு ஒரு பிரதி தர வேண்டும். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், பேரப்பிள்ளையை நடுவில் நிறுத்தாதீர்கள். என்எச்எஸ் முறைப்பாட்டுக்கு இலவசமாகக் கைகொடுக்கும் சுயாதீன உதவிச் சேவை ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் உண்டு.

சம்பவம் நடந்து 12 மாதத்துக்குள் முறையிட வேண்டும். முறைப்பாடு கிடைத்தது என்ற பதில் மூன்று வேலைநாளில் வர வேண்டும். முழு விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும், அதற்குத் தயாராக இருங்கள். இறுதிப் பதில் திருப்தி இல்லை என்றால் ஒம்புட்ஸ்மன் என்ற சுயாதீன விசாரணையாளரிடம் போகலாம். என்எச்எஸ்ஸுக்கு ஒருவர், சமூகப் பராமரிப்புக்கு வேறொருவர். இரண்டும் கலந்த விஷயங்களை அவர்கள் சேர்ந்தே விசாரிப்பதுண்டு. கட்டணம் இல்லை. சிகியூசி என்ற கண்காணிப்பு அமைப்புக்கும் தகவல் கொடுங்கள், ஆனால் தனிப்பட்ட முறைப்பாட்டை அவர்கள் தீர்த்துவைப்பதில்லை.

நட்டஈட்டு வழக்கு இதற்கு வெளியே, வக்கீல் மூலம் போகும் பாதை. அதற்குப் பொதுவாக மூன்று வருடக் கெடு. முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நிற்காது.