க்ரூவகனின் ‘தி மிடில் கிங்டம்’: கேள்வி பதில்

டப்ளின் பேண்டான க்ரூவகன் 2000-இல் வெளியிட்ட இரண்டாவது ஆல்பம் ‘தி மிடில் கிங்டம்’. அயர்லாந்தின் பழைய மெட்டுகளையும் ஹெவி மெட்டலையும் சேர்த்து வாசிப்பவர்கள். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரு வேண்டுகோள்: ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ‘சத்தம் சப்பென்று இருக்கிறது’ என்று எழுதாதீர்கள்.

அண்ணா, முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு இதைப் போட்டேன். வேறு பேண்ட் மாதிரி இருக்கிறதே?

அதே பேண்ட்தான், ஆனால் நடுவில் ஒருமுறை கலைந்து மறுபடி கூடியவர்கள். கீத் ஃபே முதலில் மினாஸ் டிரித் என்று ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் மீதான பைத்தியத்தில் ஒரு பிளாக் மெட்டல் (அலறல் குரலும் படுவேகமும் கொண்ட மெட்டல் வகை) பேண்ட் வைத்திருந்தார். 1992-இல் க்ரூவகனைத் தொடங்கினார். 1995-இல் வந்த ‘துவாத்தா ந கேல்’ அந்த பிளாக் மெட்டல் வாசனை போகாத ஆல்பம்: விசில் (சிறு குழல்) ஒரு பக்கம், அலறல் ஒரு பக்கம். 1997-இல் பேண்ட் கலைந்தது. 1999-இல் மறுபடி சேர்ந்தபோது கேரன் கில்லிகன் பாட வந்தார். ஹாமர்ஹார்ட் என்ற டச்சு நிறுவனம் இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டது. முன்வரிசைக் குரல் இப்போது கேரனுடையது. கீத்தின் அலறல் பின்னால் போய்விட்டது.

முதல் ஆல்பத்தின் ரசிகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்ததே இதனால்தான். அந்த நாட்களில் ஐரோப்பிய மெட்டலில் பெண் குரல் என்றால் பெரும்பாலும் ஓபரா பாணிதான். கேரன் அப்படிப் பாடுவதில்லை. உச்சஸ்தாயிக்கு ஏறி வித்தை காட்டாமல், பப்பில் நாலு பேர் நடுவே உட்கார்ந்து பாடுகிறவரைப் போலப் பாடுகிறார். ஐரிஷ் மெட்டுக்கு அந்தக் குரல்தான் ஒட்டும்.

இதில் ஷேன் மகவன் பாடிய பாட்டு எது?

‘தி போக்ஸ்’ பேண்டின் பாடகர் மகவன் இதில் இல்லை. அது அடுத்த ஆல்பம், 2002-இல் வந்த ‘ஃபோக்-லோர்’. ‘ரைட் ஆன்’, ‘ஸ்பான்சில் ஹில்’ இரண்டிலும் அவர் குரல் இருக்கிறது.

ஸ்காட்லாந்து பேக்பைப்பை மெட்டலில் நுழைத்தது இவர்கள்தானா?

ஐரிஷ் பேண்ட் விஷயத்தில் தயவுசெய்து ஸ்காட்லாந்து பைப்பை இழுக்காதீர்கள். ஐரிஷ்காரர்களின் பைப் வேறு, அதன் பெயர் இலியன் பைப்ஸ். வாயால் ஊதுவது கிடையாது. வாசிப்பவர் உட்கார்ந்துகொண்டு, ஒரு முழங்கைக்கு அடியில் கட்டிய துருத்தியை அமுக்கிக் காற்றை ஏற்றுவார். மறு முழங்கை பையை அழுத்தும். குழலின் அடியைத் தொடைமேல் வைத்து மூடினால் சுரம் டக்கென்று நிற்கும், எடுத்தால் மறுபடி பேசும். ஸ்காட்லாந்து பைப்பில் இப்படி இடையில் நிறுத்த முடியாது. இலியன் பைப்ஸின் சத்தமும் சன்னம். அதனால்தான் முழு வேகத்தில் டிரம்ஸ் போகும்போது இது அமுங்கிவிடும். மிக்ஸ் செய்கிறவருக்குத் தலைவலி.

‘கேட்டில் ரெய்டு ஆஃப் கூலி’ என்ன கதை சார்?

இந்த ஆல்பத்தின் இந்தப் பாட்டுக்குப் பின்னால் இருப்பது அயர்லாந்தின் பழைய புராணக் கதை, கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். கானாக்ட் நாட்டு ராணி மேவும் கணவன் அலிலும் படுக்கையில் கிடந்தபடி யாருக்குச் சொத்து அதிகம் என்று வாதம் செய்கிறார்கள். பாத்திரம் பண்டம், நகை, ஆடு, குதிரை எல்லாவற்றையும் கொண்டுவந்து எண்ணிப் பார்த்தால் சரிசமம். அலிலிடம் மட்டும் ஒரு வெள்ளைக்கொம்புக் காளை கூடுதல். அதற்கு ஈடான ஒரே காளை பக்கத்து நாடான அல்ஸ்டரில், கூலி என்ற பகுதியில் இருக்கிறது. முதலில் கேட்டுப் பார்க்கிறாள், கிடைக்கவில்லை. அதைக் கவர்ந்து வரப் படையோடு கிளம்புகிறாள்.

அல்ஸ்டர் வீரர்களோ சாபத்தில் படுத்துக் கிடக்கிறார்கள். முன்பு ஒருமுறை நிறைமாதக் கர்ப்பிணியான மாகாவை அரசனின் குதிரைகளோடு ஓட வைத்தார்கள். அவள் ஜெயித்து, அங்கேயே இரட்டைப் பிள்ளை பெற்று, ‘உங்களுக்கு ஆபத்து வரும் நேரத்தில் இதே பிரசவ வலி உங்களுக்கும் வரட்டும்’ என்று சபித்துவிட்டாள். சாபம் தொடாத 17 வயதுப் பையன் கூ ஹல்லன் தனியாளாக நின்று படையைத் தடுக்கிறான். அவன் தேர்க்குதிரைகளில் ஒன்றின் பெயரே ‘மாகாவின் சாம்பல்நிறக் குதிரை’. ஆல்பத்தில் ‘ஸ்டீட்ஸ் ஆஃப் மாகா’ என்று ஒரு பாட்டுத் தலைப்பில் வருகிறதே, அந்த மாகாதான் இவள்.

மேவின் தலைநகரம் எது தெரியுமா? க்ரூவகன். ராஸ்காமன் மாவட்டத்தில் ராத்க்ரோகன் என்று இன்றும் மேடு மேடாக இருக்கும் இடம். பேண்டின் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

டவுன்லோட் லிங்க் கிடைக்குமா?

கிடைக்காது. காசு கொடுத்து வாங்குங்கள்.

‘ஓரோ ஷே டு வாஹ வால்யா’ கேட்டால் ‘டிரங்கன் செய்லர்’ மாதிரியே இருக்கிறது. காப்பியா?

‘டிரங்கன் செய்லர்’ ஆங்கில மாலுமிப் பாட்டு. மெட்டுகள் நெருங்கிய சொந்தம், அவ்வளவுதான். ஆல்பத்தில் உள்ள ஐரிஷ் பாட்டு பழையது. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரிய ஸ்டூவர்ட் வம்ச இளவரசர் சார்லஸை வரவேற்கும் வடிவம் இருந்தது. ஐரிஷ் விடுதலைப் போராளி பேட்ரிக் பியர்ஸ் அதை மாற்றி எழுதினார். அவர் வடிவத்தில் இளவரசர் போய், 16-ஆம் நூற்றாண்டுக் கடலோடித் தலைவி கிரேஸ் ஓ'மேலி ஆயுதப் படையோடு கடல் கடந்து வருகிறாள். கூட வருபவர்கள் பிரெஞ்சுக்காரரோ ஸ்பானியரோ அல்ல, சொந்த மண்ணின் ஆட்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சிக்குப் பிறகு பியர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அயர்லாந்தில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. கோரஸில் கிட்டார் ஏறும் இடத்தைக் கேளுங்கள், ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம்.

ஷேன் மகவன் இந்த ஆல்பத்தில் என்ன வாசித்தார்?

மேலே எழுதியாயிற்று.

ஃபோக் மெட்டலைத் தொடங்கியதே க்ரூவகன்தானே?

இல்லை. இங்கிலாந்தின் நியூகாஸிலைச் சேர்ந்த ஸ்கைக்ளாட் 1991-லேயே முதல் ஆல்பம் போட்டுவிட்டார்கள்.

மேலே கேட்டவன்தான். ஸ்கைக்ளாடின் முதல் ஆல்பத்தில் பிடில் எங்கே இருக்கிறது? ஒரு பாட்டில் வந்தால் போதுமா?

நல்ல கேள்வி. அதில் பிடில் ஓரமாகத்தான் வரும். பிடில் வாசிப்பவர் பேண்டிலேயே சேர்ந்தது பிறகுதான். ஆனால் அந்தக் கணக்குப் பார்த்தால் அயர்லாந்திலேயே 1973-க்குப் போக வேண்டும். ஹார்ஸ்லிப்ஸ் போட்ட ‘தி டான்’ முழுக்க இதே காளைக் கதைதான்.

ஹார்ஸ்லிப்ஸ் ராக் பேண்ட். அதை எப்படி மெட்டலில் சேர்க்கிறீர்கள்?

சேர்க்கவில்லை, ராக்தான். ஆனால் அந்த ஆல்பத்தின் ‘டாரக் டூம்’ பாட்டின் ரிஃப்பைக் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) கவனியுங்கள். அது ‘ஓ'நீலின் அணிவகுப்பு’ என்ற பழைய மெட்டு, அப்படியே எலெக்ட்ரிக் கிட்டாரில். 1990 கால்பந்து உலகக் கோப்பைக்கு அயர்லாந்து அணிக்காகப் போட்ட பாட்டிலும் அந்த ரிஃப்தான் ஓடியது. மெட்டலுக்கு மேலே ஒரு பிடிலைத் தூவுவது ஒரு வகை. நாட்டார் மெட்டையே ரிஃப் ஆக்குவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் கஷ்டம். அதில் ஹார்ஸ்லிப்ஸ் அப்பன். க்ரூவகனின் முதல் ஆல்பம் பாதி தூவல். இரண்டாவதில்தான் பல இடங்களில் விசிலும் கிட்டாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து சுமக்கின்றன. ‘யார் முதல்’ என்ற சண்டையைவிட இதைப் பேசலாம் என்பது என் எண்ணம்.

அப்படியானால் பாத்தரி?

அந்த ஸ்வீடன் பேண்ட் பாடியது வைகிங் கதை. அந்தப் பஞ்சாயத்து வேறு.

‘தி பட்டர்ஃபிளை’ கிட்டாரில் பழகுகிறேன், தாளம் நிற்கவே மாட்டேன் என்கிறது.

நான்கில் எண்ணுகிறீர்கள், அதுதான். இது ஸ்லிப் ஜிக் என்ற ஐரிஷ் நடன மெட்டு; ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) 9 தட்டு. தகிட தகிட தகிட என்று காலால் தட்டிக்கொண்டு மூன்றாவது தகிடவை விழுங்காமல் வாசியுங்கள். மெட்டல் கை தானாகவே நாலாவது ஒன்றைச் சேர்த்துவிடும். டப்ளின் பிடில் கலைஞர் டாமி பாட்ஸ் பெயரில் வழங்கும் மெட்டு. போத்தி பேண்ட் என்ற ஐரிஷ் நாட்டார் இசைக்குழு 1975-இல் வாசித்ததை முதலில் கேளுங்கள். சுரம் பற்றிக் கவலை வேண்டாம்: மெட்டு ஈ மைனர், கிட்டாரின் அடித்தந்தியும் ஈ. சாதாரண டி விசிலிலும் ஈ மைனர் சுலபமாக வரும். பவர் கார்டை (இரண்டு சுரம் சேர்ந்த கிட்டார் அடி) முதல் தட்டில் மட்டும் அடித்து விட்டுவிடுங்கள். ஒன்பதிலும் அடித்தால் மெட்டு செத்துவிடும்.

ஷேன் மகவன் பாடிய அந்த...

‘ஃபோக்-லோர்’. 2002.

கீத் மறுபடி அலறும் ஆல்பம் எதில் தொடங்குகிறது?

கேரன் விலகிய பிறகு வந்த ‘பிளட் ஆன் தி பிளாக் ரோப்’, 2011. அதற்கு முந்தையவற்றில் அங்கங்கே உண்டு. அலறல்தான் வேண்டுமென்றால் நேராக அங்கே போய்விடுங்கள், இந்த ஆல்பத்தைத் திட்ட வேண்டாம்.