சுரங்கம் போட்டால் தப்பிக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லெவல் கிராசிங்குகள் பற்றிய உங்கள் கட்டுரையை எங்கள் துறையில் பலரும் படித்தோம். காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் பாடம் எடுக்கிறேன். சென்ற வாரம் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு விவாதம் வைத்தோம். காட்பாடி சந்திப்பிலிருந்து பாலாற்றுப் பாலம், புதிய பஸ் ஸ்டாண்டு, கோட்டை வழியாகப் பாகாயம் வரை ஒரு லைட் ரெயில், அதாவது தெருவிலும் ஓடக்கூடிய சின்ன மின்ரயில், வருவதாகக் கற்பனை. வழியில் ஒரு பல்கலைக்கழக வளாகம், அதுவும் கற்பனையே. கிழக்கு மேற்காக ஒரு கிலோமீட்டர், தெற்கு வடக்காக 600 மீட்டர், நடுவே ஒரு பெரிய சாலை. சாலைக்குத் தெற்கே 60 மீட்டரில் வேதியியல் கட்டடம். அதன் தரைத்தளத்தில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பும், காந்தப்புலத்தை வைத்து மூலக்கூறின் அமைப்பை அறியும் என்.எம்.ஆர். கருவியும் இருக்கின்றன.

ஓர் அணி நடுச்சாலையில் தரையோடு தண்டவாளம் போடலாம் என்றது. இன்னொரு அணி வடக்கு மதில் ஓரமாகப் போகட்டும் என்றது. மூன்றாவது அணி 20 மீட்டர் ஆழத்தில் சுரங்கம் என்றது. “மண்ணுக்குக் கீழே போய்விட்டால் யாருக்கும் தொல்லையில்லை” என்று அந்த அணித் தலைவி முடித்தபோது அரங்கே கைதட்டியது. பரிசும் அவர்களுக்கே. இயற்பியல் துறையிலிருந்து வந்திருந்த இருவர் மட்டும் கைதட்டவில்லை, காரணமும் சொல்லவில்லை. தீர்ப்பு சரிதானா? வெளிநாடுகளில் இப்படி நடந்ததுண்டா?

அன்புடன்,
எஸ்.,
காட்பாடி

அன்புள்ள எஸ்,

இயற்பியல்காரர்கள் கைதட்டாததற்குக் காரணம் இருக்கிறது. ரயில் ஒரு வளாகத்துக்குள் இரண்டு வேறு தொல்லைகளைக் கொண்டுவருகிறது. ஒன்று அதிர்வு, மற்றது காந்தப்புலம். அதிர்வு மண்ணின் வழியே போவதால் மண்ணைப் பொறுத்து மாறும். காந்தப்புலத்துக்கு மண் ஒரு பொருட்டே இல்லை. மண்ணும் பாறையும் கான்கிரீட்டும் அதற்குக் கண்ணாடி மாதிரி. சுரங்கம் போட்டால் காந்தப்புலம் அடங்கிவிடும் என்று உங்கள் மாணவி நினைத்திருந்தால், அங்கேதான் பிழை.

உங்கள் எண்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தெருவில் ஓடும் டிராம்களுக்கு 600 அல்லது 750 வோல்ட் நேர்மின்சாரம்தான் வழக்கம். இரண்டு பெட்டி வண்டி நிலையத்திலிருந்து கிளம்பும்போது 750 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 1000 ஆம்பியர். அது மேலே கம்பியில் வந்து கீழே தண்டவாளத்தில் திரும்புகிறது. இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 5 மீட்டர். எதிரெதிர் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். மிஞ்சும் புலம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 60 மீட்டரில் அது 0.28 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). இதே தடத்தை 20 மீட்டர் ஆழத்தில் இறக்கினால் சாய்வுத் தூரம் 63 மீட்டர் ஆகும், புலம் 0.25. அவ்வளவுதான் லாபம். மூன்றாவது ரயில், அதாவது தண்டவாளத்தை ஒட்டித் தரையில் போடும் மின்சாரக் கம்பம், வழியாக மின்சாரம் கொடுத்தால் இடைவெளி சுருங்கிப் புலமும் குறையும் என்று மாணவர்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் ஜனங்கள் குறுக்கே நடக்கும் தெருவில் மூன்றாவது ரயில் வைக்க முடியாது. மிச்சத் தடம் முழுக்கத் தெருவில் ஓடுகிற வண்டிக்கு இந்த ஒரு கிலோமீட்டருக்காக இரண்டு வகை மின்விநியோகம் வேண்டியிருக்கும்.

பூமியின் காந்தப்புலமே வேலூரில் 40 மைக்ரோடெஸ்லா அளவுக்கு இருக்கிறதே, 0.28 என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். பூமியின் புலம் நிற்கிற புலம். கருவியை நிறுவும்போதே அதைச் சரிக்கட்டிவிடுவார்கள். ரயிலுடையது ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் ஏறி, வேகம் பிடித்ததும் இறங்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் இரு திசையிலும் சேர்த்து மணிக்குப் பன்னிரண்டு முறை. புலத்தின் அலைச்சல் 0.1 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டக்கூடாது என்று கேட்கும் மைக்ராஸ்கோப்புகள் உண்டு. படம் எடுக்கும் நேரத்தில் எலக்ட்ரான் கற்றை நகர்ந்தால் படத்தின் ஓரங்கள் பல்லுப்பல்லாக வரும். ஆபரேட்டர் முதலில் கருவியைத்தான் சந்தேகப்படுவார்.

இன்னொரு விஷயம் கசிவு மின்னோட்டம். தண்டவாளத்தில் திரும்ப வேண்டியதில் ஒரு பங்கு, இன்சுலேஷன் சரியில்லாத இடத்தில் மண்ணுக்குள் இறங்கி, குடிநீர்க் குழாய் வழியாகவோ கட்டட அஸ்திவாரக் கம்பி வழியாகவோ சுற்றிக்கொண்டு சப்ஸ்டேஷனுக்குப் போகும். அந்தப் பங்குக்குத் தண்டவாளத்தில் எதிர் மின்னோட்டம் இல்லாததால் அதன் புலம் வர்க்கத்தில் குறையாது, தூரத்துக்கு எதிர் விகிதத்தில்தான் குறையும். வெறும் 5 சதவீதம், அதாவது 50 ஆம்பியர், கசிந்தால் 60 மீட்டரில் 0.17 மைக்ரோடெஸ்லா கூடுதல். வடக்கு மதில் ஓரத்துக்குத் தடத்தைத் தள்ளினால் வேதியியல் கட்டடம் 360 மீட்டர் தள்ளிப்போகிறது. அங்கே கம்பியும் தண்டவாளமும் சேர்ந்து தருவது 0.008தான், ஆனால் கசிவு 0.028 தருகிறது. கிட்டே இருக்கும்போது சின்னதாகத் தெரிந்தது எட்டப் போனதும் பெரியதாகிவிட்டது. மொத்தத்தில் ஓர அணி சொன்னது இந்த ஒரு விஷயத்தில் உண்மைதான், காந்தப்புலம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. கசிவு கருவிக்கு மட்டும் பகை அல்ல. ஒரு ஆம்பியர் நேர்மின்சாரம் இரும்புக் குழாயிலிருந்து ஓராண்டு வெளியேறினால் சுமார் 9 கிலோ இரும்பைக் கரைத்துக்கொண்டு போகும். தண்டவாளத்துக்கு ரப்பர் உறை போட்டுக் கான்கிரீட்டில் பதிப்பதும், மழைக்குப் பிறகு தண்டவாளத்துக்கும் மண்ணுக்கும் இடையே மின்தடையை அளப்பதும் இதற்காகத்தான். உறை ஓரிடத்தில் கிழிந்து சேற்றுத்தண்ணீர் தேங்கினால் போதும், கசிவு ஆரம்பமாகிவிடும்.

இனி அதிர்வு. மனிதனுக்கு உறைக்கத் தொடங்குவது தரை நொடிக்கு 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வேகத்தில் அதிரும்போதுதான். நல்ல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் கேட்பது நொடிக்கு 3 முதல் 6 மைக்ரோமீட்டருக்குள். எனவே “நான் நின்று பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை” என்ற சாட்சி செல்லாது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் அதிர்வும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். தண்டவாளம் பிரியும் இடத்தில், கிராசிங்கின் இடைவெளியில் சக்கரம் விழுந்து எழும்போது, அது மூன்று மடங்குவரை ஏறும். ஆகவே ஆய்வுக்கூடத்துக்கு எதிரே பாயின்ட்ஸ் வைக்கவே கூடாது. பிரேக் பிடித்துச் சறுக்கி ஓரம் தட்டையான ஒரே ஒரு சக்கரம், ஒழுங்காகப் போட்ட தடத்தின் நன்மையையெல்லாம் கெடுத்துவிடும்.

சுரங்கக் கட்சிக்கு இங்கே பாதி நியாயம் உண்டு. வேலூர்ப் பக்கம் தரைக்குக் கீழே நைஸ், சார்னோக்கைட் என்ற கடினப் பாறைகள். பாறைக்குள் சுரங்கம் போட்டால் கிளம்பும் அதிர்வு மண்ணில் போட்டதைவிடக் குறைவு. ஆனால் கிளம்பியது பாறையில் அதிகம் தேயாமல் போகும். கட்டடத்தின் அஸ்திவாரமும் அதே பாறையில் உட்கார்ந்திருந்தால் நேராக உள்ளே வந்துவிடும். பாலாற்று மணல் பக்கம் கதை வேறு. இரண்டும் கலந்த இடம், அதாவது மக்கிய பாறைக்குள் உருண்டைக் கற்கள் கிடக்கும் தரை, சுரங்க இயந்திரத்துக்குப் பெரிய தலைவலி. பெங்களூரு மெட்ரோவில் இயந்திரங்கள் திணறியது இப்படிப்பட்ட கலப்புத் தரையில்தான். செலவு, காற்றோட்டம், 20 மீட்டர் இறங்கி ஏறும் நேரம் எல்லாம் தனி.

தரையில் போட்டால் அதிர்வுக்கு மருந்து ஃப்ளோட்டிங் ஸ்லாப். தண்டவாளத்தைத் தாங்கும் கனமான கான்கிரீட் பலகையை ரப்பர் மெத்தையின் மேலோ எஃகு ஸ்பிரிங்குகளின் மேலோ மிதக்க விடுவார்கள். மாணவர்களுக்கு இதை ஒரே திசையில் மட்டும் ஆடும் எடை-ஸ்பிரிங் கணக்காகவே கொடுக்கலாம். இயல்பு அதிர்வெண் 14 ஹெர்ட்ஸ் என்றால், அதன் 1.4 மடங்கான 20 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தணிக்கும். 14 ஹெர்ட்ஸில் இருப்பதைவிடப் பெரிதாக்கிவிடும். கட்டடத்தின் தளமும் அதே அதிர்வெண்ணில் ஆடுகிற தளமாக இருந்தால் மருந்தே நோய். அதனால் முதலில் மண்ணையும் தளத்தையும் அளந்துவிட்டுத்தான் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்லாபுக்கு அடியில் குப்பையும் மண்ணும் சேர்ந்து இறுகிவிட்டால் மிதப்பது நின்றுவிடும். வடிகால் முக்கியம்.

வெளிநாட்டில் நடந்ததுண்டா என்று கேட்டீர்கள். உங்கள் மூன்று அணிகளும் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நிஜமாகவே மோதின. மினியாபொலிஸையும் செயின்ட் பாலையும் இணைக்கும் 11 மைல் லைட் ரெயில் வளாகத்தின் நடுவே வாஷிங்டன் அவென்யூவைக் கடக்க வேண்டியிருந்தது. முதலில் சுரங்கம் என்று பேச்சு. மத்திய அரசின் செலவு-பயன் சூத்திரத்தில் அது தேறாது என்று 2008-ல் கைவிட்டார்கள். பல்கலைக்கழகம் வடக்கு ஓரமாக, பழைய ரயில் பாதைப் பள்ளத்தின் வழியே கொண்டுபோகச் சொன்னது. அது எடுபடவில்லை. கடைசியில் நடுச்சாலையிலேயே தரையில் போடுவது, கார்களை அந்தச் சாலையிலிருந்து வெளியேற்றுவது என்று முடிவானது. அதன் பிறகும் 2009-ல் பல்கலைக்கழகம் ஆய்வுக்கூடங்களுக்காக வழக்குத் தொடுத்தது. 2010-ல் அதிர்வுக்கும் காந்தப்புலத்துக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு சமரசம் ஆனது. ஃப்ளோட்டிங் ஸ்லாப் வந்தது. மின்சாரத்தில் ஒரு பங்கைத் தண்டவாளத்துக்கு அடியில் புதைத்த கேபிள் வழியாகவும் அனுப்பி, மேலும் கீழும் இருக்கும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று அழிக்கும்படி செய்தார்கள். 2014 ஜூன் 14-ல் வண்டி ஓடியது.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அடியில் சுரங்கமே போட்டார்கள். 2016-ல் ஒரு நிலையம், 2021-ல் அடுத்தது. சுரங்கம் என்பதால் யாரும் நிம்மதியாக இருந்துவிடவில்லை. அதிர்வு, காந்தப்புலம் இரண்டுக்கும் வரம்பெழுதி ஒப்பந்தம் போட்டார்கள். மேரிலாந்து பல்கலைக்கழகம் வளாகத்தின் முக்கியச் சாலையான கேம்பஸ் டிரைவில் லைட் ரெயில் வேண்டவே வேண்டாம் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லி, 2010-ல் வாலஸ் லோ தலைவராக வந்த பிறகு அந்தச் சாலையையே ஏற்றுக்கொண்டது.

ஓரத்துக்குத் தள்ளுவதன் விலையை நம் ஊரிலேயே பார்க்கலாம். டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு 2004-ல் வந்த விஸ்வவித்யாலயா மெட்ரோ நிலையம் வடக்கு வளாகத்தின் விளிம்பில் இருக்கிறது. அங்கிருந்து கல்லூரிக்குப் போக ரிக்‌ஷாக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. உங்கள் வளாகத்தில் மதில் ஓரத்துக்கும் நடுச்சாலைக்கும் 300 மீட்டர். நிமிடத்துக்கு 80 மீட்டர் நடந்தால் நாலு நிமிடம்கூட இல்லை, காகிதத்தில். வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? மே மாதம் பதினோரு மணிக்கு நிழலில்லாத 300 மீட்டர் என்றால் பாதிப்பேர் ஷேர் ஆட்டோவையே பிடிப்பார்கள். ரயில் மதிலோரம் காலியாக ஓடும். ஓரத்தில் திரும்ப இரண்டு வளைவுகள் வேறு வேண்டும். 100 மீட்டர் ஆரத்துக்குள் வளைத்தால் சக்கரம் கிறீச்சிடும், அது விடுதிகளுக்குப் பக்கத்தில் என்றால் ராத்திரி முழுக்க மனுக்கள்.

பரிசை நான் நடுச்சாலை அணிக்குக் கொடுத்திருப்பேன், அவர்கள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து. அந்தச் சாலையில் கார், பைக் கூடாது. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். அந்த வேகத்தில் டிரைவர் பார்த்து, யோசித்து, சாதாரண பிரேக்கில் நிறுத்த சுமார் 45 மீட்டர் பிடிக்கும், எனவே அந்த அளவுக்குப் பார்வையை மறைக்கும் மரமோ விளம்பரப் பலகையோ குறுக்கு நடைபாதைகளின் அருகே இருக்கக்கூடாது. வேதியியல் கட்டடத்துக்கு எதிரே நிலையம் வேண்டாம், ஏனென்றால் அதிக மின்சாரம் இழுப்பது கிளம்பும்போதுதான். நிலையத்தை 300 மீட்டர் கிழக்கே தள்ளினால் கட்டடத்தைக் கடக்கும்போது வண்டி பெரும்பாலும் உருண்டு போகும். அப்படியும் சப்ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மின்சாரம் சப்ஸ்டேஷனிலிருந்து வண்டிவரைக்கும் உள்ள முழு நீளத்திலும் ஓடுகிறது. சப்ஸ்டேஷன் மேற்கே இருந்தால், கிழக்கே கிளம்பும் வண்டியின் 1000 ஆம்பியரும் வேதியியல் கட்டடத்தைத் தாண்டித்தான் போகும். நிலையத்தை நகர்த்தியும் பயனில்லாமல் போவது இந்த இடத்தில்தான். இதற்குப் பிறகும் மைக்ராஸ்கோப் முரண்டு பிடித்தால் அந்த ஒரு அறைக்குக் காந்தப்புலத்தை எதிர்த்து அழிக்கும் சுருள்கள் கட்டலாம், அல்லது கருவியையே தெற்குக் கோடிக் கட்டடத்துக்கு மாற்றலாம். ஒரு கிலோமீட்டர் சுரங்கத்தை ஒப்பிட்டால் இரண்டும் சில்லறைச் செலவு.

அடுத்த செமஸ்டரில் மறுபடி வைப்பதானால், பேச்சுக்கு முன் மாணவர்களை அளக்கச் சொல்லுங்கள். காலை எட்டரையிலிருந்து ஒன்பதே கால்வரை ஒவ்வொரு வாசலிலும் எத்தனை பேர், எந்தத் திசையில் என்று எண்ணட்டும். தரை அதிர்வை அளக்கும் ஜியோபோன் கிடைத்தால் 10, 20, 40, 80 மீட்டரில் வைத்து, ஒரு கனத்த எடையை ஒரே உயரத்திலிருந்து பத்து முறை போட்டு அதிர்வு எப்படித் தேய்கிறது என்று பதியட்டும். மைக்ராஸ்கோப் அறையில் காந்தப்புலத்தை அளக்கும் ஃப்ளக்ஸ்கேட் மானியை 24 மணி நேரம் ஓடவிடட்டும். ரயில் வருவதற்கு முன்பே லிஃப்டும் வாசலில் திரும்பும் பஸ்ஸும் எவ்வளவு ஆட்டுகின்றன என்று மானி பதியும் கோட்டில் தெரியும். கைதட்டாத இரண்டு பேரையும் அந்த வேலைக்குக் கூப்பிடுங்கள், மானி அவர்களிடம்தான் இருக்கும்.