வாசகர் கேள்வி பதில்: எங்கட ஏரியாவுக்கு டொக்டர் யாரு?

போன இதழ்ல டொக்டர்மார் நாட்டை விட்டு போறதைப் பத்தி எழுதினனான், அதுக்குப் பிறகு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் மெசேஜும் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒண்டாக்கிப் போட்டிருக்கிறன். ஆஸ்பத்திரிகளிண்ட பேரை எல்லாம் எடுத்திட்டன். அங்க வேலை செய்யிற ஆக்களும் தங்கட பங்குக்கு மூச்சு வாங்கிக் கொண்டுதான் இருக்கினம்.

"அம்மாவுக்கு 68 வயசு, சுகரும் பிரஷரும் இருக்கு. மாசா மாசம் பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு விடிய அஞ்சு மணிக்கே கூட்டிட்டுப் போறேன், அன்னைக்கு எனக்கு சம்பளம் வெட்டு. நம்பர் வர பதினொரு மணி ஆகும், டொக்டர் பாக்குறது மூணு நிமிஷம். பக்கத்துலயே காட்ட வழி இல்லையா?" (வாசகி, கொட்டாஞ்சேனை)

வழி இருக்கு தங்கச்சி, ஆனா யாரும் தானா வந்து சொல்ல மாட்டாங்க, நீங்கதான் கேக்கணும். கொழும்பு மாநகர சபைக்கு சொந்தமா இலவச மருந்தகங்கள் இருக்கு, டொக்டர் இருக்கிற இடங்கள், நகரத்துக்குள்ளயே பல இடத்துல. எங்கட சனம் அதை தடிமன் காய்ச்சலுக்குப் போற இடம் எண்டுதான் நினைக்கிறது. அம்மாவிண்ட கிளினிக் கொப்பி, கடைசியா எடுத்த ரத்த ரிப்போட், குடிக்கிற மருந்து எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு ஒரு நாள் அங்க போய், இந்த மருந்துகள் இஞ்ச தொடர்ந்து கிடைக்குமா, சுகர் பாக்க வசதி இருக்கா எண்டு நேர கேளுங்கோ. மெட்போமின், லொசாட்டன், அட்டோவாஸ்டற்றின் மாதிரி மருந்துகள் அபூர்வ மருந்து இல்லை, சின்ன இடங்கள்லயும் குடுக்கிறதுதான். கிடைக்கும் எண்டா பெரிய ஆஸ்பத்திரி கிளினிக் டொக்டரிட்ட "சுகர் கொன்ட்ரோல்ல இருக்கு, பக்கத்துல காட்டலாமா, ஒரு கடிதம் தாங்கோ" எண்டு கேளுங்கோ. அநேகமா அவர் சந்தோஷமாத்தான் எழுதித் தருவார், அவருக்கும் அண்டைக்கு ஒரு ஆள் குறையும். அந்தக் கடிதம் கையில வரும் வரைக்கும் கிளினிக்கை விட்டுடாதீங்கோ, இடையில ஒரு மாசம் மருந்து நிண்டா அதுதான் ஆபத்து.

ஆனா கால்ல ஆறாத புண், கண் மங்கிறது, ரிப்போட்ல கிட்னிக்குப் பாக்கிற கிரியாட்டினின் அளவு ஏறினது, இன்சுலின் தொடங்கவேண்டிய நிலை, இதெல்லாம் பெரிய இடத்துக்குத்தான் போகணும். நெஞ்சு நோவு எண்டா ஓட்டோ தேடாம 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்கிறதில்லை.

மருந்தை வெளிய வாங்கச் சொன்னா துண்டுல மருந்திண்ட சொந்தப் பேரை எழுதச் சொல்லுங்கோ, கம்பனிப் பேரை இல்லை. அரச மருந்துக் கடையான ஒசுசலவுல விலை கேட்டுட்டு பிறகு மற்ற பார்மசிக்குப் போங்கோ. 1971ல பேராசிரியர் சேனக பிபிலே அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை உருவாக்கினதே இந்தக் காரணத்துக்காகத்தான், ஒரே மருந்துக்கு பத்துப் பேர் வச்சு பத்து விலைக்கு விக்கிறதால ஏழைச் சனம் பாதிக்கக் கூடாதெண்டு.

இன்னொண்டும் மனசுல கிடக்கு. 2020ல கொரோனா ஊரடங்கு நேரம் கிளினிக் மருந்தை தபால்ல வீட்டுக்கே அனுப்பினவை, ஞாபகம் இருக்கா? அப்ப முடிஞ்சது. 68 வயசு அம்மாவை மருந்துக்காக மட்டும் விடியக்காலையில பஸ்ல ஏத்தாம இருக்க இப்ப ஏன் முடியாது எண்டு நான் திரும்பத் திரும்ப கேக்கிறன், இனியும் கேப்பன்.

"வேற மாவட்டத்து ஐடி காட் இருந்தா கொழும்புல அரசாங்க ஆஸ்பத்திரில மருந்து எடுக்கலாமா?" (வாசகர், மருதானை)

தாராளமா எடுக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரி எல்லாருக்கும் பொது, ஏரியா பாக்கிறதில்லை. பழைய கொப்பி, டயக்னோசிஸ் காட் இருந்தா மறக்காம கொண்டு போங்கோ.

"மனைவி கர்ப்பமா இருந்தப்ப மிட்வைஃப் அக்கா வீட்டுக்கே வந்தாங்க, போன் நம்பரும் தந்தாங்க. ஆனா அப்பா பாரிசவாதத்துல ஆறு மாசமா கட்டில்ல கிடக்கார், ஒருத்தர் எட்டிப் பாக்கல்ல. இது என்ன நியாயம்?" (வாசகர், மட்டக்குளி)

இந்தக் கடிதத்தை நான் மூண்டு தரம் வாசிச்சன். நாங்க வருசக்கணக்கா கூட்டங்கள்ல கதைக்கிற விஷயத்தை நீங்க நாலு வரியில எழுதிட்டீங்க.

இலங்கையில ரெண்டு சுகாதார சேவை பக்கத்துல பக்கத்துல ஓடுது. ஒண்டு வருத்தம் வராம தடுக்கிறது, தாய் சேய் பராமரிப்பு எல்லாம். அது 1926ல களுத்துறையில ஒரு சுகாதாரப் பிரிவா தொடங்கி நாடு முழுக்கப் பரவினது, இண்டைக்கு எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவு எண்டு சொல்லுறம். அதிண்ட பலமே பிரிச்சுக் குடுத்ததுதான், இந்த ஒழுங்கையில இருந்து அந்த ஒழுங்கை வரைக்கும் இந்த மிட்வைஃப், அங்க எந்த வீட்டுல கர்ப்பிணி இருக்கிறா, எந்தப் பிள்ளைக்கு ஊசி போட இருக்கு எண்டது அவவிண்ட கொப்பியில இருக்கும். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகாட்டி அவ உங்களைத் தேடி வருவா. பிள்ளைப்பேறுல தாய்மார் சாகிறதை இந்த நாடு இவ்வளவுக்கு குறைச்சதில அந்த நடைக்கு பெரிய பங்கு இருக்கு.

மற்றது வருத்தத்துக்கு மருந்து குடுக்கிற பக்கம். அங்க பிரிச்சுக் குடுக்கல்ல. யாரும் எங்கயும் போகலாம், மேல கேட்ட மருதானை வாசகருக்கு அது நல்ல செய்தி, ஆனா அதாலயே உங்கட அப்பா எந்த டொக்டரிண்ட கணக்கிலயும் இல்லை. அவர் வராட்டி வரல்லையே எண்டு தேட ஒருத்தருக்கும் பொறுப்பு இல்லை. வசதியான ஆள் காசு கட்டி தனியார் இடத்துல சனல் பண்ணிக் காட்டுவார், நடக்கக் கூடியவர் பெரிய ஆஸ்பத்திரி லைன்ல நிப்பார், கட்டில்ல கிடக்கிறவர் கிடக்கிறார். டொக்டர் தட்டுப்பாடு வந்தா முதல்ல அடிபடுறதும் இந்தக் கடைசி ஆள்தான்.

இதை மாத்தத்தான் ஒவ்வொரு சின்ன ஆஸ்பத்திரிக்கும் அதைச் சுத்தியுள்ள குடும்பங்களைப் பொறுப்புக் குடுக்கிறது, ஆளுக்கு ஒரு சுகாதார நம்பர், மேல ஒரு பெரிய ஆஸ்பத்திரியோட தொடர்பு எண்டு அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. 2018ல உலக வங்கி 200 மில்லியன் டொலர் கடனும் அதுக்காக ஒதுக்கினது. பிறகு கொரோனா, அதுக்குப் பிறகு 2022 பொருளாதார அடி. திட்டம் பிழையில்லை, அதை விடக்கூடாது எண்டதுதான் என்ர நிலைப்பாடு.

உங்கட அப்பாவுக்கு இப்ப செய்யக்கூடியது: உங்கட ஏரியா சுகாதார அலுவலகத்துக்கு எழுத்துல குடுங்கோ, கட்டில்ல இருக்கிற நோயாளி, வீட்டுக்கு வந்து பாக்க யாராவது இருக்கினமா எண்டு. அவரை வச்சிருந்த வாட்டு பிசியோதெரபி பிரிவிலயும் போய், வீட்டுல செய்யிற பயிற்சியை உங்களுக்குக் காட்டித் தரச் சொல்லுங்கோ. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வையுங்கோ, முதுகுத் தோல் சிவந்தா உடன காட்டுங்கோ.

"எங்கட வரிக்காசில படிச்சிட்டு வெளிநாடு ஓடுற டொக்டர்மாரை சட்டம் போட்டு பிடிச்சு வைக்கவேணும். சரியா பிழையா?" (வாசகர், வெள்ளவத்தை)

கோபம் விளங்குது அண்ணை. ஆனா நான் இளம் வயசுல ஒரு சின்ன ஆஸ்பத்திரியில தனி டொக்டரா இருந்தனான், அதைச் சொன்னாத்தான் என்ர பதில் உங்களுக்கு விளங்கும். குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகும், இரவில பாம்பு கடிச்சு வந்தாலும் நான்தான் விடிய ஓபிடியும் (வெளிநோயாளர் பிரிவு) நான்தான், லீவு கேட்டா பதிலுக்கு ஆள் இல்லை எண்டு மறுமொழி வரும், லீவு எடுத்தா வந்த சனம் திரும்பிப் போகும். ஒரு நாள் கைக்குழந்தையோட திரும்பிப் போன ஒரு தாயை பிறகு பஸ் ஸ்டாண்ட்ல கண்டன், அவ ஒண்டும் சொல்லல்ல, என்னைப் பாத்தா, அவ்வளவுதான். என்னை அங்க வச்சிருந்தது சட்டம் இல்லை, பக்கத்து டவுன்ல இருந்த ஒரு சீனியர் டொக்டர் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வந்து ஒரு நாள் பாத்துக் குடுத்தது.

சட்டம் தேவையில்லை எண்டு சொல்ல வரல்ல. வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்புற ஸ்பெஷலிஸ்ட்மார் இப்பவும் திரும்பி வந்து வேலை செய்வம் எண்டு பொண்ட் கையெழுத்து வச்சிட்டுத்தான் போகினம். ஆனா பொண்ட் மட்டும் ஆளைப் பிடிக்காது. ஜப்பான்ல 1972ல ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் எண்டு ஒண்டு தொடங்கினவை, ஒவ்வொரு மாகாணத்திலயும் பிள்ளைகளை எடுத்து படிப்புச் செலவையும் பாத்து, அதுக்குப் பதிலா ஒம்பது வருசம் சொந்த மாகாணத்தில, கிராமப் பக்கத்திலயும் வேலை செய்யவேணும் எண்டு ஒப்பந்தம். 2010ல உலக சுகாதார அமைப்பும் இதே மாதிரி சொன்னது, கிராமத்துப் பிள்ளைகளை எடுங்கோ, நல்ல வீடு குடுங்கோ, மேற்படிப்புக்கு வழி விடுங்கோ, தனிய விடாதீங்கோ எண்டு.

எங்களிட்ட பாதி வேலை ஏற்கனவே முடிஞ்சிருக்கு பாருங்கோ. பல்கலைக்கழக அனுமதியில 55 வீதம் மாவட்ட கோட்டா. ஆனா பின்தங்கின மாவட்டக் கோட்டாவில மெடிசினுக்கு வந்த பிள்ளைக்கு திரும்பி அந்த மாவட்டத்துல வேலை செய்யவேணும் எண்டு ஒண்டுமே இல்லை. இன்டேர்ன்ஷிப் முடிஞ்சா மெரிட் லிஸ்ட் வரிசையில இடம் தெரிவு செய்யிறது, முன்னுக்கு நிக்கிறவர் வசதியான இடத்தை எடுப்பார், கஷ்டப் பிரதேசம் கடைசியில மிஞ்சும், சில நேரம் மிஞ்சினது மிஞ்சினபடியே கிடக்கும். கோட்டாவோட ஒரு நாலு வருசச் சேவையையும், அதோட நல்ல குவார்ட்டர்ஸையும், முடிச்சா மேற்படிப்புக்கு முன்னுரிமையையும் சேத்து முடிச்சுப் போட்டா நான் அதுக்கு முழு ஆதரவு.

"அம்மா அப்பா ஹட்டன் பக்கம் தோட்டத்துல இருக்காங்க. கிட்டத்து ஆஸ்பத்திரில சனி ஞாயிறு டொக்டரே இல்லைனு சொல்றாங்க. நான் கொழும்புல கடைல வேலை, இங்கயிருந்து என்ன செய்ய முடியும்?" (வாசகர், புறக்கோட்டை)

தம்பி, 1971லயே ஜூலியன் டியூடர் ஹார்ட் எண்டு வேல்ஸ் நாட்டுல வேலை செய்த டொக்டர் ஒருத்தர் எழுதினார், மருத்துவம் எங்க கூடத் தேவையோ அங்கதான் குறைவாக் கிடைக்குது எண்டு. அவரும் சுரங்கத் தொழிலாளர் ஊர்ல இருந்து பாத்ததைத்தான் எழுதினவர். தோட்டப் பக்கத்துக்கு அது அப்பிடியே பொருந்தும்.

கொழும்புல இருந்தே ஒரு வேலை செய்யலாம். 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் சட்டத்துல ஒரு கடிதம் போடுங்கோ, அந்த ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்துத் தகவல் அதிகாரிக்கு. அது மத்திய அமைச்சுக்குக் கீழ வாற இடமா இருந்தா அமைச்சுக்கு. தமிழ்லயே எழுதலாம். மூண்டு கேள்வி போதும்: அனுமதிச்ச டொக்டர் பதவி எத்தனை, இப்ப எத்தனை பேர் இருக்கினம், வார இறுதியில ஆள் இல்லாட்டி யாரைப் பதிலுக்குப் போடுற ஏற்பாடு. 14 வேலை நாளுக்குள்ள தீர்மானம் சொல்லவேணும். வந்த பதிலை ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுவில இருக்கிற ஊர் ஆக்களிட்ட குடுங்கோ. "டொக்டர் இல்லை" எண்டு சொல்லுறதுக்கும் "நாலு பதவியில ரெண்டு ரெண்டு வருசமா காலி" எண்டு அவையிண்ட கடிதத்தையே காட்டிக் கேக்கிறதுக்கும் நிறைய வித்தியாசம்.

அதுவரைக்கும் வீட்டுல ரெண்டு கிழமை மருந்து கூடுதலா இருக்கட்டும். 1990 நம்பரை அப்பாவிண்ட போன்ல நீங்களே சேவ் பண்ணிக் குடுங்கோ.

"ஓபிடியில சிங்களத்துலதான் கதைக்கிறாங்க, வருத்தத்தைச் சொல்லத் தெரியாம பயத்துல தலையாட்டிட்டு வந்துடுறேன்." (வாசகி, தெஹிவளை)

தலையாட்டாதீங்கோ அம்மா, மருந்து மாறிப் போயிடும். 1987ல 13வது திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி, நீங்க சலுகை கேக்கல்ல. போக முதல் ஒரு துண்டுக் கடதாசியில மூண்டு விஷயத்தை சிங்களம் தெரிஞ்ச யாரையாவது கொண்டு எழுதுவிச்சு எடுத்துக் கொண்டு போங்கோ: என்ன செய்யுது, எத்தனை நாளா, ஏற்கனவே என்ன மருந்து குடிக்கிறீங்க, எந்த மருந்து ஒத்துக்காது. நாலு விஷயம் ஆயிட்டுது, பரவாயில்லை, நாலாவதுதான் முக்கியம். பார்மசி ஜன்னல்ல மருந்து தரேக்க ஒவ்வொரு பையையும் காட்டி காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னமா பின்னமா எண்டு கையாலயாவது கேளுங்கோ. பின்னால நிக்கிற ஆள் அவசரப்பட்டாலும் பரவாயில்லை, விளங்கின பிறகு ஜன்னலை விட்டு நகருங்கோ.