கோழியா, முட்டையா? தாய்லாந்து மொழிப் புத்தகங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

தாய்லாந்துக்குச் சுற்றுலா, வேலை, சரக்கு எடுக்க என்று கிளம்புகிறவர்களின் கேள்விகள் இந்த இதழில். ஒரு வசதிக்காக எங்கும் 'தாய்லாந்து மொழி' என்றே எழுதியிருக்கிறோம். 'தாய் மொழி கற்க' என்று இணையத்தில் தேடினால் தமிழ் அரிச்சுவடிதான் வந்து நிற்கும்.

இரண்டு புத்தகம் வாங்கினேன். கோழிக்கு ஒன்றில் 'கே-ஏ-ஐ', இன்னொன்றில் 'ஜி-ஏ-ஐ' என்று ஆங்கில எழுத்தில் போட்டிருக்கிறது. எது சரி?
(வாசகர், திருப்பூர்)

இரண்டும் சரி, தொல்லையே அதுதான். தாய்லாந்து மொழியில் 'க' இரண்டு உண்டு. ஒன்று மூச்சுக் காற்று வராத நம் தமிழ் 'க'. மற்றொன்று, வாய்க்கு முன்னால் பிடித்த தாள் ஆடும் அளவுக்கு மூச்சோடு வருவது. சாலைப் பலகைகளில் இருக்கும் அரசு முறை, முதலாவதற்குக் 'கே', இரண்டாவதற்குக் 'கே-ஹெச்' போடும். வெளிநாட்டவருக்கான பல பாடநூல்கள் முதலாவதற்கு 'ஜி', இரண்டாவதற்கு வெறும் 'கே' போடும். ஆக, 'கே-ஏ-ஐ' என்பது பலகை முறையில் கோழி, பாடநூல் முறையில் முட்டை. குரலின் ஏற்ற இறக்கமான தொனியாவது காப்பாற்றுமா என்றால் அதுவும் இல்லை. இரண்டு சொல்லுக்கும் தாழ்ந்த தொனிதான். ஒரு புத்தகத்தில் படித்ததை இன்னொன்றின் கணக்கில் உச்சரித்தால் முட்டை கேட்டவர் தட்டில் கோழி வரும்.

இதே குழப்பம்தான் 'பி-ஹெச்'சிலும். அது 'ஃப' இல்லை, மூச்சோடு சொல்லும் 'ப'. 'ஃபுக்கெட்' என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

செய்ய வேண்டியது: ஒரு புத்தகத்தின் முறையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் உச்சரிப்பு விளக்கப் பக்கத்தை நகலெடுத்து அட்டைக்குள் ஒட்டிவிடுங்கள். நோட்டில் எழுதும்போது ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழிலேயே எழுதலாம். சுலோகப் புத்தகங்களில் க², த², ப² என்று எண் போட்டு அச்சிடுவார்களே, அதே வழி: கோழி 'கை', முட்டை 'கை²'. 'பஸ்' என்னும்போது முதலில் வரும் ஒலிக்கு ப³, 'டாக்டர்' என்னும்போது முதலில் வரும் ஒலிக்கு த³. தொனிகள் ஐந்து. சமத்துக்குக் குறி வேண்டாம். தாழ்ந்ததற்கு அடியில் கோடு, உயர்ந்ததற்கு மேலே கோடு, இறங்குவதற்கும் ஏறுவதற்கும் அந்தந்தப் பக்கம் சாய்ந்த கோடு. பென்சில் போதும்.

மூன்று மாதத்தில் பாங்காக்கில் வேலைக்குச் சேர வேண்டும். ஒரே ஒரு புத்தகம் என்றால் எது?
(வாசகி, கோவை)

பென்ஜவன் பூம்சான் பெக்கர் எழுதிய 'தாய் ஃபார் பிகினர்ஸ்'. ஒவ்வொரு பாடத்திலும் முதலில் பேச்சு, பிறகு எழுத்து என்று இரண்டையும் கூடவே கொண்டுபோகிறது. தொனிக் குறியும் நெடிலும் விடாமல் போட்டிருக்கிறது. இரண்டாவது மாதம் 'இதை ஏன் இப்படிச் சொல்கிறார்கள்' என்ற கேள்விகள் முளைக்கும்போது டேவிட் ஸ்மித்தின் 'தாய்: ஆன் எசென்ஷியல் கிராமர்' உதவும். அது பாடநூல் இல்லை, சந்தேகம் வரும்போது புரட்டிப் பார்ப்பதற்கு. முதல் நாளே வாங்கினால் அலமாரிக்குத்தான்.

வேறு எதை வாங்கினாலும் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். 'அருகில்', 'தொலைவில்' என்ற இரண்டு சொற்களையும் தேடுங்கள். இரண்டுமே 'க்லை'தான். அருகில் என்றால் குரல் இறங்கும், தொலைவில் என்றால் சமமாக நிற்கும். புத்தகம் இரண்டையும் ஒரே மாதிரி அச்சிட்டிருந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அதை நம்பி வழி கேட்டால், பக்கத்துத் தெரு என்று சொன்னது பத்து கிலோமீட்டர் என்று காதில் விழும். 'ஸுவய்' இன்னும் மோசம். குரல் ஏறினால் 'அழகு', சமமாகச் சொன்னால் 'துரதிர்ஷ்டம்'. பாராட்டப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது ஒலிப்பதிவு. அது இல்லாத புத்தகம் வேண்டாம். பழைய பதிப்பாக இருந்தால் குறுந்தகடு இருக்கிறதா, அதைப் போட்டுக் கேட்க வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆண் குரல், பெண் குரல் இரண்டும் வேண்டும். ஒரே வாக்கியம் நிதானமாக ஒருமுறை, பேச்சு வேகத்தில் ஒருமுறை வர வேண்டும். ஏனென்றால் புத்தகத்தில் ஆண்கள் மரியாதைக்குச் சேர்க்கும் 'க்²ரப்' தெருவில் 'க²ப்' ஆகிவிடும். ரகரம் லகரமாகும், கூட்டெழுத்தில் பின்னது விழுந்துவிடும். நிதானக் குரலை மட்டும் கேட்டுப் பழகியவருக்கு முதல் வாரம் ஒன்றும் புரியாது.

காசில்லாமல் வேண்டுமென்றால் அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனத்தின் பழைய பாடமும் ஒலிப்பதிவும் இணையத்தில் கிடைக்கின்றன. பேச்சு நடை கொஞ்சம் பழசு. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பயிற்சிகளுக்காகவே எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் பேசுகிறவருக்கு இந்த மொழி கைவர 44 வாரம், 1100 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. முப்பது நாளில் என்று அட்டையில் போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எழுத்தும் கற்க வேண்டுமா, பேச்சு மட்டும் போதாதா?
(வாசகர், மதுரை)

ஐந்து நாள் பயணத்துக்கு வேண்டாம். கழிவறை, ஆண், பெண், வெளியே செல்லும் வழி, இந்த நான்கு சொற்களையும் படம் போலப் பார்த்து மனதில் வைத்தால் போதும். கூடவே பத்து தாய்லாந்து எண்கள். சில சுற்றுலா இடங்களில் உள்ளூர்க் கட்டணம் அந்த எண்ணிலும், வெளிநாட்டவர் கட்டணம் நமக்குத் தெரிந்த எண்ணிலும் எழுதியிருக்கும்.

ஒரு மாதத்துக்கு மேல் தங்குகிறவர் எழுத்தைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். தமிழ் படித்தவருக்கு இதில் பாதி வேலை முடிந்தாற்போல. அந்த எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கெமர் வழியாக வந்தது. க-வில் தொடங்கி வர்க்கம் வர்க்கமாகப் போகும் வரிசையும் நமக்குப் பழகியதே. ஒற்றைக்கொம்பும் ஐகாரக் குறியும் மெய்க்கு முன்னால் நிற்பதைப் பார்த்து ஆங்கிலேயர் திகைப்பார்; நமக்கு 'கெ', 'கை' எழுதிப் பழகிய கைதான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொருளின் பெயர் உண்டு. முதல் எழுத்து 'கோ கை', கோழிக் க. இரண்டாவது 'கோ² கை²', முட்டைக் க. கோழி முந்தியா முட்டை முந்தியா என்ற வழக்கை அங்கே அரிச்சுவடியிலேயே தீர்த்துவிட்டார்கள்.

கடினம் இருப்பது வேறிடத்தில். மெய்யெழுத்து 44; அதில் 2 வழக்கொழிந்தவை. இந்த 44-ம் மூன்று வகுப்பு: நடு 9, உயர் 11, தாழ் 24. ஒரே தொனிக் குறி வகுப்புக்கு வகுப்பு வேறு வேலை செய்யும். 'மை ஏக்' என்ற குறி நடு, உயர் வகுப்பு எழுத்தின் மேல் நின்றால் தாழ்ந்த தொனி. தாழ் வகுப்பின் மேல் நின்றால் இறங்கு தொனி. எழுத்தின் ஒலியை மட்டும் படித்து வகுப்பை விட்டவர்கள் இங்கேதான் தடுக்கி விழுந்து, எல்லாவற்றையும் மறுபடி படிக்கிறார்கள். அதனால் அட்டைகளை மூன்று நிறத்தில் வெட்டுங்கள். முதல் வாரம் நடு வகுப்பின் 9 எழுத்தும் நெடில்களும் மட்டும். பிறகு நாளுக்கு 5 எழுத்து. பின்புறம் எழுத்தின் பெயர், வகுப்பு, ஒரு சொல். பாங்காக் போனபின் எழுதுபொருள் கடையில் குழந்தைகள் புள்ளிக்கோட்டின் மேல் எழுதிப் பழகும் நோட்டு ஒன்று வாங்குங்கள். அதைவிட நல்ல கையெழுத்துப் பயிற்சி இல்லை.

புத்தகத்தில் இன்னொன்றும் பாருங்கள். பாட எழுத்துகளுக்குத் தலையில் சிறு சுழி இருக்கும். விளம்பரப் பலகைகளிலும் கடைப் பெயர்களிலும் அந்தச் சுழி கிடையாது. ரகரம் ஆங்கில 'எஸ்' போலவும், நகரம் ஆங்கிலச் சிறிய 'யூ' போலவும் நிற்கும். இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் புத்தகமே நல்லது. சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாத எழுத்து என்பதால், தெரிந்த சொல்லைக் கூட்டத்தில் அடையாளம் காணும் பயிற்சியும் தனியாக வேண்டும்.

தமிழ் நாக்குக்கு எது எளிது, எது வராது?
(வாசகி, ஈரோடு)

குறில் நெடில் தானாக வரும். 'கை' என்ற ஒன்றைக் குரலின் ஏற்ற இறக்கத்தில் பிரிப்பதும், மூச்சொலியும் பழக வேண்டும். உதடு குவியாத 'உ' ஒன்று உண்டு. ஐரோப்பியர் மாதக்கணக்கில் மல்லுக்கு நிற்பார்கள். நாம் 'பாட்டு', 'காசு' என்று முடிக்கும்போது வரும் குற்றியலுகரம்தான் அது. கொஞ்சம் நீட்டினால் ஆயிற்று.

சொல் முதலில் ங வரும்: 'ஙான்' என்றால் வேலை. 'அங்ஙனம்' என்று சொல்லிப் பார்த்து, அதில் முன்பாதியை விழுங்கினால் ஒலி கைக்கு வரும்.

பெரிய பிழை, வல்லின மெய்யில் முடியும் சொற்களில். காரம் என்பதற்கு 'பெ²ட்'. நாக்கு மேலே ஒட்டிய இடத்திலேயே நின்றுவிட வேண்டும். நாம் அதை விடுவித்து 'பெட்டு' ஆக்கிவிடுவோம். ஒரு அசை கூடினால் அது வேறு சொல்லாகக் கேட்கும். சொல்லி முடித்த நிலையில் வாயை ஒரு நொடி அப்படியே நிறுத்திப் பழகுங்கள்.

டாக்சிக்காரரிடம் 'சுவர்ணபூமி விமான நிலையம்' என்றால் விழிக்கிறாராமே?
(வாசகர், காரைக்குடி)

விழிப்பார். எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது, சொல்வது 'ஸுவன்னபூ²ம்'. சமஸ்கிருதச் சொற்களை எழுத்து மாறாமல் வைத்துக்கொண்டு ஒலியைச் சுருக்கிவிட்டார்கள். கடைசியில் வரும் ர, ல இரண்டும் ன் ஆகும். அதனால் ஆகாரம் 'ஆஹான்', நகரம் 'நகோ²ன்'. இந்த விதி தெரிந்தால் சொல்வளம் சும்மா வந்து விழும்: பாஷை 'பா²ஸா', வேளை 'வேலா', குரு 'க்²ரூ', கடிகாரத்துக்கு 'நாலிகா', நம் நாழிகையேதான். சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போக வேண்டுமானால் 'வட் கே²க்' என்று கேளுங்கள். ஊரில் அதற்கு வழங்கும் பெயர் அது.

நான் சைவம். சொற்றொடர்க் கையேட்டில் 'மங்ஸவிரட்' என்று இருக்கிறது. அது போதுமா?
(வாசகி, கும்பகோணம்)

போதாது. 'மங்ஸவிரட்' (மாம்ச விரதிதான்) என்றால் இறைச்சி இல்லை. முட்டை, பால் இருக்கலாம், மீன் சாறும் சில சமையல்காரர் கணக்கில் இறைச்சி ஆகாது. 'ஜே' என்பது கறார். முட்டை, பால் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்து தொங்கும் கடைகள் அவை.

கையேட்டில் 'மை சை நாம் ப்லா', அதாவது மீன் சாறு போடாதீர்கள், என்ற வாக்கியம் இருக்கிறதா பாருங்கள். வதக்கிக் கொடுக்கும் காய்க்கு அது பயன்படும். பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்புக்குப் பயனில்லை. அரைத்த விழுதிலேயே 'கபி' என்ற இறால் விழுது சேர்ந்திருக்கும், சமையல்காரர் நினைத்தாலும் எடுக்க முடியாது. மீன் சாறு, சிப்பிச் சாறு, இறால் விழுது, காய்ந்த இறால் நான்கையும் வேண்டாம் என்று தாய்லாந்து எழுத்தில் பெரிதாக அச்சிட்ட ஓர் அட்டை, எந்தப் புத்தகத்தையும்விட வேலை செய்யும். இறால், நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தனி அட்டை. அதில் 'பிடிக்காது' என்ற சொல் கூடாது, 'பே²' (ஒவ்வாது) என்ற சொல்லே இருக்க வேண்டும்.

கைப்பேசி மொழிபெயர்ப்பு இருக்கும்போது புத்தகம் எதற்கு?
(வாசகர், சேலம்)

விடுதி முகவரி காட்ட, மருந்துச் சீட்டு படிக்க, அது போதும். கிளம்புமுன் இணையமில்லாமல் இயங்கும் தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி மட்டும் எழுதுங்கள். செயலிக்கு நீங்கள் ஆணா பெண்ணா என்று தெரியாது: 'நான்' என்பதற்கு ஆண் 'பொ²ம்', பெண் 'ச²ன்'; மரியாதைக்குக் கடைசியில் ஆண் 'க்²ரப்', பெண் 'க²'. இவற்றை நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும். தொனி சரிபார்க்க ஒலிவாங்கியில் பேசலாம், ஆனால் ஒற்றைச் சொல்லாக. முழு வாக்கியம் பேசினால் செயலி சூழலை வைத்து ஊகித்து உங்கள் பிழையை மூடிவிடும்.

அகராதி?
(வாசகர், நாகர்கோவில்)

மேரி ஹாஸின் 1964-ம் ஆண்டு அகராதி இன்னும் மதிப்புள்ளது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லோடும் எண்ணும்போது சேர்க்க வேண்டிய சொல்லைக் கொடுத்திருக்கும். நாம் 'இரண்டு பேர்' என்போமே, அந்தப் 'பேர்' போல அங்கே பாட்டிலுக்கு, விலங்குக்கு, புத்தகத்துக்கு எல்லாம் தனித்தனியாக உண்டு. கைப்பேசி போன்ற இன்றைய சொற்களை அதில் தேட வேண்டாம். தேடும்போது முன்னால் நிற்கும் உயிர்க்குறியைத் தாண்டி மெய்யைப் பாருங்கள். 'கை'யை நாம் க-வில் தேடுவது போலத்தான்.

மருந்து அட்டையில் காலாவதி 2570 என்று இருந்ததாமே?
(வாசகி, தஞ்சாவூர்)

புத்த ஆண்டு. 543 கழித்தால் 2027. மணியும் அப்படித்தான், பேச்சில் இரவு ஏழு மணி 'ஒரு தும்', எட்டு 'இரண்டு தும்'. பயணச்சீட்டில் 24 மணிக் கணக்கு இருக்கும், அதைப் பாருங்கள். எண்கள் நமக்குச் சுலபம்: பத்தாயிரத்துக்கும் லட்சத்துக்கும் தனிச் சொல் உண்டு, லட்சம் 'ஸேன்'.