பெட்டியில் உள்ள பணமும் பேரேட்டில் உள்ள பணமும்

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு, பொள்ளாச்சிப் பக்கம் கேரள எல்லையில் உள்ள கோபாலபுரத்தில் தேங்காயும் கொப்பரையும் வாங்கி விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. முதலாளி, லோடு பார்க்கும் அவருடைய தம்பி, ஒரு மேஸ்திரி, நான் என்று மொத்தமே நான்கு பேர். எனக்கு முன்பு இருந்தவர் திடீரென்று நின்றுவிட்டார். டேலி கணக்கு மென்பொருளில் ரொக்க இருப்பு 1,84,000 ரூபாய் என்று காட்டுகிறது. பெட்டியில் 11,000 சொச்சம்தான் இருக்கிறது. முதலாளியிடம் சொன்னால், "எப்படியாவது நேர் பண்ணிரு அம்மணி" என்கிறார். ஆடிட்டர் அலுவலகத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் காகிதங்கள் போகின்றன. கேட்க ஆளில்லாத இடத்தில் நான் எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, கோபாலபுரம்

பதில்: அந்த 1,73,000 ரூபாய் வித்தியாசம் நீங்கள் வருவதற்கு முன்பே இருந்தது. அதை மறைக்க நீங்கள் ஒரே ஒரு பொய் வவுச்சர் எழுதினாலும் அன்றிலிருந்து அது உங்களுடையதாகிவிடும். ஆகவே, "நேர் பண்ணு" என்று அவர் சொன்னதை, "உண்மையைக் கண்டுபிடி" என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான முதலாளிகள் அந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள். கணக்கு மொழியில் சொல்லத் தெரியாததால் அப்படிச் சொல்கிறார்கள்.

இத்தகைய வித்தியாசம் திருட்டால் வருவது குறைவு. முதலாளி வீட்டுச் செலவுக்கு எடுத்த பணம், தோப்புக்காரருக்குக் கொடுத்த முன்பணம், மேஸ்திரி கையில் கொடுத்த ஏற்றுக்கூலி ஆகியவை பெட்டியை விட்டு வெளியேறியிருக்கும், புத்தகத்தில் ஏறியிருக்காது. இன்று மாலையே முதலாளியை அருகில் உட்காரவைத்துப் பெட்டியை எண்ணுங்கள். ஒரு தாளில் 500 ரூபாய் நோட்டு இத்தனை, 200 இத்தனை, 100 இத்தனை, சில்லறை இவ்வளவு என்று எழுதுங்கள். பெட்டிக்குள் கிடக்கும் துண்டுச் சீட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, "மேஸ்திரிக்கு 2,000", "டீசல் 1,500" என்று அதே தாளில் வரிசையாக எழுதி, தேதியும் நேரமும் போட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். அந்தத் தாள்தான் உங்களுடைய தொடக்க இருப்பு. அதற்கு முந்தைய வித்தியாசத்தை ஆடிட்டரிடம் தொலைபேசியில் சொல்லி, அவர் சம்மதத்தோடு அனாமத்துக் கணக்கில், அதாவது விவரம் தெரியும்வரை தொகையை நிறுத்திவைக்கும் கணக்கில், தனியாக நிறுத்திவையுங்கள். ஒவ்வொரு தொகையும் எங்கே போனது என்று தெரியத் தெரிய, முதலாளி சொந்தச் செலவுக்கு எடுத்ததை அவருடைய எடுப்புக் கணக்குக்கும், முன்பணத்தை உரியவர் பெயருக்கும் மாற்றலாம். கடைசிவரை விளங்காமல் நிற்கும் தொகையை என்ன செய்வது என்பது ஆடிட்டரும் முதலாளியும் எடுக்க வேண்டிய முடிவு, உங்களுடையது அன்று.

அதன்பின் தினமும் கடை சாத்துமுன் எண்ணுங்கள். குறைந்தால் குறைந்தது என்றே எழுதுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் முதல் வேலை செங்கோட்டையில் ஒரு மரக்கடையில். சேர்ந்த இரண்டாவது வாரம் பெட்டியில் 340 ரூபாய் குறைந்தது. பயந்துபோய் என் பையிலிருந்து போட்டு நேராக்கினேன். மூன்று நாள் கழித்து, அந்தப் பணத்தை முதலாளியே லாரி ஓட்டுநருக்குச் சாப்பாட்டுக்கு எடுத்துக் கொடுத்திருந்தது தெரிந்தது. ஆனால் நான் நேராக்கிவிட்டதால் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த மாதம் இன்னும் நான்கு முறை அப்படிச் செய்தேன். பணம் போனதைவிட, பெட்டியில் உண்மையிலேயே என்ன நடக்கிறது என்பது எனக்கும் தெரியாமல் போனதுதான் பெரிய நஷ்டம். பெரிய நிறுவனத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்ப்பார். உங்களைப் பார்க்க ஆளில்லை. அந்த வேலையை அன்றாட எண்ணிக்கையும், நம் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியலும்தான் செய்யும். கல்லூரியில் அந்தப் பட்டியலைத் தேர்வுக்காகப் போட்டிருப்பீர்கள். இங்கே வாரம் ஒருமுறை போடுங்கள்.

அப்படிப் போடும்போது ஒன்று கண்ணில் படும். பாலக்காட்டு வியாபாரி பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்வார், நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் அது இருக்காது. முதலாளியின் சொந்த ஜிபேக்கு வந்திருக்கும். பேரேட்டில் வியாபாரி பெயரில் பாக்கி நின்றுகொண்டே இருக்கும், அடுத்த லோடுக்குச் சண்டை வரும். "அண்ணா, இன்றைக்கு உங்கள் போனுக்கு வந்ததைச் சொல்லுங்கள்" என்று தினமும் மாலையில் கேட்டு எழுதிவிடுங்கள். நிறுவனக் கணக்கின் கியூஆர் அட்டையை மேஜையில் ஒட்டிவிட்டால் கேட்கும் வேலை பாதியாகக் குறையும்.

எல்லையில் வேலை செய்பவருக்கு மட்டும் உள்ள கவலை ஒன்று உண்டு. தேங்காய்க்கு ஜி.எஸ்.டி. இல்லை, கொப்பரைக்கு 5 விழுக்காடு. அதே கொப்பரை காங்கேயத்து ஆலைக்குப் போனால் மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை; பாலக்காட்டு ஆலைக்குப் போனால் ஐந்தும், மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. வாங்குபவரின் ஜி.எஸ்.டி. பதிவு எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம், 37 என்றால் ஆந்திரம். ஊர்ப் பெயரை நம்பி மட்டும் பில் போடாதீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சித்தூர் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது, அதன் அஞ்சல் குறியீடு 678 என்று தொடங்கும். ஆந்திரத்துச் சித்தூருக்கு 517. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். இரு பக்கமும் பதிவு வைத்திருக்கும் வியாபாரிகளும் இருப்பார்கள். அவர்களுக்கு டேலியில் இரண்டு தனித்தனிக் கணக்குத் தொடங்கி, பெயரோடு 32, 33 என்றும் சேர்த்து எழுதுங்கள். வரியைத் தவறான தலைப்பில் (ஐ.ஜி.எஸ்.டி.க்குப் பதில் மத்திய, மாநில வரியாக) கட்டிவிட்டால், சரியான தலைப்பில் மறுபடி முழுவதும் கட்டிவிட்டுத்தான் முதலில் கட்டியதைத் திரும்பக் கேட்க முடியும். சிறு வியாபாரிக்கு அந்த இடைவெளி கழுத்தை நெரிக்கும். 2017 ஜூலை 1க்கு முன்பு வாளையாறு வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரி நிற்கும்போதே பில்லில் உள்ள பிழை வெளிப்பட்டுவிடும். இப்போது லாரி போய்விடும்; பிழை பல மாதம் கழித்து அறிவிப்பாகத் திரும்பி வரும்.

கொப்பரை லோடு மாநிலம் தாண்டும்போது மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் இ-வே பில், அதாவது சரக்கோடு போகும் மின்னணு அனுமதிச் சீட்டு, வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை தேவையில்லை. மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனமானால் விற்பனைப் படிவம் 11ஆம் தேதிக்குள், வரி கட்டும் 3பி படிவம் 20ஆம் தேதிக்குள். காலாண்டு முறையில் இருந்தால் 13, 22. உங்கள் நிறுவனம் எந்த முறையில் இருக்கிறது என்பதை ஆடிட்டரிடம் முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

தோப்புக்காரர் பில் தரமாட்டார். நீங்களே கொள்முதல் வவுச்சரில் அவர் பெயர், ஊர், காய் எண்ணிக்கை, விலை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு வருமான வரிக் கணக்கில் பொதுவாக ஏற்கப்படாது; விளைவித்தவரிடமே விளைபொருளை வாங்கிக் கொடுக்கும் தொகைக்கு விலக்கு உண்டு, இடையில் நிற்கும் தரகருக்கு இல்லை. பணம் வாங்கியவர் தோப்புக்காரர்தான் என்பதற்கு அந்த வவுச்சரே சான்று என்பதால், மேஸ்திரி "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று சொன்னாலும் விடாதீர்கள்.

கேள்வி: தேனி மாவட்டம் கூடலூரில் ஒரு ஏலக்காய்க் கடையில் சேர்ந்திருக்கிறேன். முதலாளிக்கு ஓடிபி பார்ப்பது தொல்லையாம்; ஜி.எஸ்.டி. தளத்தில் என் போன் எண்ணையே கொடுத்துவிடச் சொல்கிறார். கொடுக்கலாமா? வேலை நியமனக் கடிதமும் தரவில்லை.
— வாசகர், கூடலூர்

பதில்: கொடுக்க வேண்டாம் தம்பி. அந்த எண்ணுக்கு வரும் ஓடிபிதான் படிவத்தில் அவர் போடும் கையெழுத்து. துறையின் செய்திகளும் அதே எண்ணுக்குத்தான் வரும். நாளைக்கு நீங்கள் வேறு வேலைக்குப் போனால் அவருக்கு வர வேண்டிய அறிவிப்பு உங்கள் போனில் கிடக்கும். அவரிடம் இதைக் கோபமில்லாமல் சொல்லுங்கள்: "பில் பதிவது என் வேலை, பார்த்து ஒப்புக்கொள்வது உங்கள் வேலை, அண்ணாச்சி. 20ஆம் தேதிக்குள் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், மொத்தத்தை ஒரே தாளில் எழுதிக் காட்டுகிறேன்." அந்த ஐந்து நிமிடத்தில் அவரும் தம் வியாபாரத்தைத் தெரிந்துகொள்வார்.

வருங்கால வைப்புநிதி 20 பேர் உள்ள நிறுவனத்துக்கும், இ.எஸ்.ஐ. 10 பேர் உள்ள நிறுவனத்துக்கும்தான் கட்டாயம். உங்கள் கடைக்கு இரண்டும் பொருந்தாமல் இருக்கலாம். அப்படியானால் நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்குச் சான்று வேறு எதுவும் இராது. சம்பளத்தை வங்கியில் போடச் சொல்லுங்கள். சேர்ந்த தேதி, வேலை, சம்பளம் மூன்றையும் நீங்களே கடைத் தாளில் தட்டச்சு செய்து, அவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள்.